அப்புறமா, அதனாலயா?

என் கவுண்டருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் "அதனாலதாங்க" என்றுதான் பேச்சை முடிக்கிறார்கள். கார்டு மாத்துனேன், அதனாலதாங்க பணம் வரல. மேனேஜர் மாறிட்டாரு, அதனாலதாங்க லோன் இழுத்துக்கிட்டே போவுது. அந்தச் சொல் காதில் விழுந்தால் போதும், என் வலது கை ஆட்காட்டி விரல் தானாக மேலே எழும்பும். சட்டென்று பேனாவைப் பிடித்துக்கொண்டு அடக்கிக்கொள்வேன். வங்கியில் உட்கார்ந்துகொண்டு வாடிக்கையாளரிடம் விரலை நீட்டினால் சும்மா விடுவார்களா? விரல் என்னுடையது. பழக்கம் மட்டும் ஒரு அக்காவிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அவரோடு உட்கார்ந்து படித்ததால்தான் ஒட்டிக்கொண்டதா, இல்லை எனக்கே அந்தக் குணம் இருந்ததா என்று அவரே கேட்பார். கேட்டால் கேட்கட்டும். அந்தப் பக்கம் போனால் இதை எழுதி முடிக்க முடியாது.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம், ஒரு செல்போன் கடைக்கு மேலே எங்கள் கோச்சிங் சென்டர். நான் ஜெயங்கொண்டம் பக்கத்துக்காரி. அப்பாவுக்கு முந்திரித் தோப்பு. பெரம்பலூரில் லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அக்கா தினமும் லப்பைக்குடிக்காட்டிலிருந்து பஸ்ஸில் வருவார். கறுப்புப் பர்தா, தோளில் பெரிய பை, எங்களையெல்லாம் விட ஏழெட்டு வயது மூத்தவர். வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது. கணவர் துபாயில் இருக்கிறார் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும்.

அவரால் ஒரு இடத்தில் சும்மா இருக்க முடியாது. உட்கார்ந்தால் வலது கால் ஆடும். கால் ஆடினால் பெஞ்ச் ஆடும். பெஞ்ச் ஆடினால் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் என் கையெழுத்து ஆடும். அந்த வருஷம் நான் எழுதிய நோட்டையெல்லாம் பார்த்தால் ஓடுகிற பஸ்ஸில் எழுதியதுபோல இருக்கும். "அக்கா, காலை நிறுத்துங்க" என்றால் நிறுத்துவார். அடுத்த நிமிஷம் இடது கால் ஆடும்.

வங்கித் தேர்வு எழுதியவர்களுக்குத் தெரியும், ரீசனிங் பகுதியில் ஒரு வகைக் கேள்வி உண்டு. சின்னதாக ஒரு பத்தி இருக்கும். முதலில் இது நடந்தது, பிறகு அது நடந்தது, ஆகவே இதனால்தான் அது என்று அடித்துச் சொல்லும். கீழே ஐந்து விடை. அந்த வாதத்தின் காலை வாருகிற விடை எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அழகான தமிழில் சொன்னால் வாதத்தை வலுவிழக்கச் செய்வது, ஆங்கிலத்தில் வீக்கன். எங்கள் வகுப்பில் அதற்குப் பெயர் வீக்கன் கேள்வி.

ஒரு நாள் சார் இப்படி ஒன்றைப் போர்டில் போட்டார். ஒரு ஊரில் ஜிம் திறந்தார்கள். பிறகு அந்த ஊர் ஆஸ்பத்திரியில் கூட்டம் குறைந்தது. ஆகவே ஜிம்மால்தான் ஊர் ஆரோக்கியமானது. மூன்றாவது விடை சரி, அதாவது பக்கத்து ஊரில் புதிதாக ஒரு ஆஸ்பத்திரி வந்துவிட்டது என்று சார் சொல்லி முடிக்கவில்லை, அக்காவின் விரல் மேலே எழும்பிவிட்டது.

"சார், அந்த மாசம் டாக்டர் லீவுல இருந்தாருன்னா?"

"அது ஆப்ஷன்ல இல்லம்மா."

"ஆப்ஷன்ல இல்லாட்டி நடக்காதா சார்? காய்ச்சல் சீசன் முடிஞ்சிருந்தா? அந்த ஊருக்குப் போற பஸ்ஸை நிறுத்தியிருந்தா?"

சார் மார்க்கரை மூடி மேஜையில் வைத்தார். "அம்மா, நீ சொல்றதெல்லாம் சரி. ஆனா இந்த நேரத்துல பக்கத்துல இருக்கறவன் நாலு கேள்வி போட்டுட்டுப் போயிட்டான்."

வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அவர் வீக்கன் அக்கா. கீழே டீ போடும் அம்மா அதைக் கேட்டுவிட்டு, "பாவம், கால்ல வீக்கமா? அதான் காலை ஆட்டிக்கிட்டே இருக்கா. உப்பைக் குறைச்சுக்கச் சொல்லு" என்றார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்கா மட்டும் யோசித்தார். "பாரேன், பேரு காதுல விழுந்ததுக்கு அப்புறம்தான் அந்தம்மாவுக்குக் கால் ஆடறதே கண்ணுல பட்டிருக்கு. அதுக்குள்ள காரணமும் கண்டுபிடிச்சிடுச்சு" என்றார்.

சார் சொன்னதுதான் அக்காவுடைய தலையெழுத்தாகவும் ஆனது. ஆளுக்கு ஒரு விடை கண்டுபிடிக்கும் இடத்தில் அவர் ஆறாவது, ஏழாவது விடையைத் தேடிக்கொண்டிருப்பார். மணி அடித்துவிடும். எங்கள் எல்லோருக்கும் வீக்கன் கேள்வி சொல்லிக் கொடுத்ததே அவர்தான். அந்தப் பகுதியில் எப்போதும் மார்க் போவதும் அவருக்குத்தான். எனக்கு அதை நினைத்தால் இப்போதும் ஆத்திரமாக வருகிறது.

வகுப்புக்கு வெளியிலும் விடமாட்டார். "அப்புறமா, அதனாலயா?" இதுதான் அவருடைய கேள்வி. ஒன்றுக்குப் பிறகு இன்னொன்று நடந்ததா, அல்லது ஒன்றால் இன்னொன்று நடந்ததா? எங்களோடு படித்த முருகேசன் ஒரு நீலக் கட்டம் போட்ட சட்டை வைத்திருந்தான். அதைப் போட்டுக்கொண்டு போய்த்தான் முதல்நிலைத் தேர்வில் தேறினானாம். அதனால் எந்தத் தேர்வுக்கும் அதே சட்டை. அக்கா விரலைத் தூக்கினார். "அதே சட்டையைப் போட்டுக்கிட்டுப் போயி ஊத்திக்கிட்ட பரீட்சை உண்டா?" அப்புறம் அந்தச் சட்டையை அவன் போடவில்லை. பாவம், அவனுக்கு இருந்த ஒரே தைரியமும் போயிற்று என்று நான் அக்காவிடம் சண்டை போட்டேன்.

என் அப்பாவிடமும் வாயைக் கொடுத்தார். ஒரு தடவை அப்பா என்னைப் பார்க்க வந்திருந்தபோது, ரோட்டில் போகிற லாரிப் புழுதியால்தான் முந்திரிப் பூ கொட்டுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா, "ரோட்டை விட்டுத் தள்ளி இருக்கிற மரத்துல பூ கொட்டலையாங்க?" என்று கேட்டார். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரும்மா நீ, லாரிக்காரனுக்கு வக்கீலா?" என்றார். "இல்லைங்க. வீக்கன் பண்ணா பொய்யின்னு அர்த்தம் இல்ல. இன்னொண்ணையும் பார்த்துட்டுச் சொல்லுங்கன்னு அர்த்தம்" என்றார் அக்கா. அப்பா டீயைக்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார்.

"எல்லாம் அல்லா விட்ட வழின்னு சொல்ற ஆளு நீங்க. நீங்க போயி எதுக்கெடுத்தாலும் காரணம் கேக்குறீங்களே?" என்று முருகேசன் ஒரு நாள் மடக்கப் பார்த்தான். அக்கா சிரிக்கவில்லை. "விதி அவன் போடுறது. பழி நாம போடுறது. நான் கேக்குறது பழியைப் பத்தி" என்றார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். அந்த வருஷம்தான் எனக்கு நிச்சயம் ஆனது. மாப்பிள்ளை வீடு அரியலூர். பையன் ஒரு தனியார் கம்பெனியில் சூப்பர்வைசர். பார்க்க நன்றாக இருந்தான், பேச்சும் நன்றாக இருந்தது, எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது? எங்கள் வீட்டில் பூ வைத்து, தட்டு மாற்றினார்கள். அக்காவும் வந்திருந்தார். தட்டு மாற்றும்போது பையனின் அப்பா கையை நீட்டியவர் தட்டைப் பிடிக்காமல் பக்கத்தில் பிடித்தார். வெற்றிலையும் தேங்காயும் சரிந்தன. என் அப்பா தாங்கிப் பிடித்துவிட்டார். "சம்பந்திக்கு அவசரம்" என்று எல்லோரும் சிரித்தார்கள். பையனின் அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

அதே வாரம் பையனின் அப்பா பைக்கிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்தது. அவ்வளவுதான். தினமும் பேசிக்கொண்டிருந்த பையனின் போன் நின்றுபோனது. அத்தை சொல்லி அனுப்பிய செய்தி மட்டும் யார் யார் வழியாகவோ எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பொண்ணு ராசி சரியில்லை, தட்டு தடுமாறும்போதே தெரிந்துவிட்டது, யோசித்துத்தான் சொல்வார்கள்.

அம்மா போனில் அழுதாள். "நான் அப்பவே நெனச்சேன்டி. ஒன் ஜாதகத்தை இன்னொரு எடத்துல காட்டியிருக்கணும்." பெற்ற தாயே அப்படிச் சொன்னால் யாரிடம் போய் நிற்பது? கல்யாணம் நின்றால் நிற்கட்டும் என்றுகூட இருந்தது. ராசியில்லாதவள் என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் அதை எந்த சோப்பு போட்டுக் கழுவுவது? நாளைக்கு என் தம்பிக்கு ஒன்று என்றாலும் என்னைத்தான் பார்ப்பார்கள். புத்தகத்தைத் திறந்தால் எழுத்து ஏறவில்லை. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த குழந்தை அழுதால்கூட, ஒருவேளை நான்தானோ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. எனக்கே. வீக்கன் கேள்வியில் முழு மார்க் வாங்குகிற எனக்கே.

அக்காவிடம் சொன்னேன். அவர் கால் ஆட்டிக்கொண்டே கேட்டார். "தட்டு ஏன் தடுமாறுச்சு?"

"அதான் சகுனம்ங்கிறாங்களே."

"அது அவங்க சொல்றது. நீ சொல்லு, அவரு கை ஏன் பக்கத்துல போச்சு?"

எனக்கு எரிச்சலாக இருந்தது. "எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுல்ல. கெளம்பு. போயிக் கேப்போம்."

கல்யாணத்துக்கு முன்னால் பெண் மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. அதனால் நான் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பேக்கரியில் உட்கார்ந்துகொண்டேன். அக்கா ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சும் வாங்கினார். என் நம்பருக்கு போன் போட்டு, இணைப்பைத் துண்டிக்காமல் பைக்குள் போட்டுக்கொண்டு ஆட்டோ ஏறிவிட்டார். நான் என் போனைக் காதில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் ஆட்டோ சத்தம், பிறகு நாய் சத்தம், பிறகு கேட் திறக்கும் சத்தம். என் முன்னால் பப்ஸ் ஆறிக்கொண்டிருந்தது. அன்றைக்கு என் கால்தான் ஆடிக்கொண்டிருந்தது.

"பொண்ணுகூடப் படிக்கிறவங்க. அய்யாவைப் பார்த்துட்டுப் போவலாம்னு வந்தேன். நிச்சயத்தன்னிக்கு ஜிலேபியை ரெண்டாவது தடவ கேட்டு வாங்குனது நான்தான்" என்று அக்காவின் குரல்.

"பார்க்க என்ன இருக்கு? ஒக்கார்ந்துட்டாரு. பூ வச்ச வாரமே ஒக்கார்ந்துட்டாரு. தட்டு தடுமாறுனப்பவே எனக்கு நெஞ்சு திக்குன்னுச்சு." இது அத்தை.

"ஆமாங்க, நானும் பார்த்தேன். அய்யா, தட்டு எங்க இருக்குன்னு நெனச்சு நீங்க கை நீட்டுனீங்க?"

"இங்க இருக்குன்னுதாம்மா நெனச்சேன். பார்த்தா அது அந்தாண்ட இருந்துச்சு." இது பையனின் அப்பா.

"அன்னிக்கு மட்டும்தானாங்க?"

"எங்க! காப்பி டம்ளரையே தடவித் தடவித்தான் எடுக்கறாரு. பொங்கலுக்கு முன்னாடியே வண்டியைக் கேட்டுல கொண்டுபோயி இடிச்சாரே" என்றது இன்னொரு குரல். பையனின் அம்மா.

"எதுத்தாப்ல வண்டி லைட்டு வந்தா எப்படி இருக்குங்க அய்யா?"

"மத்தாப்பு கொளுத்துனாப்ல இருக்கும்மா. ரோடே தெரியாது."

"விழுந்தன்னிக்கு?"

"அன்னிக்கும் சுண்ணாம்புக்கல்லு லாரி ஒண்ணு எதுக்க வந்துச்சு. லைட்டு அடிச்சான். அவ்வளவுதான் தெரியும்."

அத்தை விடுவாளா? "அதெல்லாம் இருக்கட்டும். இத்தினி நாளா விழாதவரு பூ வச்சதும்தான விழுந்தாரு?"

பேக்கரியில் உட்கார்ந்திருந்த எனக்கு அக்காவின் விரல் மேலே எழும்புவது தெரிந்தது. "பூ வச்சதுக்கு அப்புறம் விழுந்தாரு, சரி. பூ வச்சதாலயா விழுந்தாரு?"

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"கண் டாக்டர்கிட்ட காட்டுங்க. பொண்ணு ராசியை அப்புறமா பார்த்துக்கலாம். ஆரஞ்சு சாப்பிடுங்க, புளிக்காது" என்று அக்கா எழுந்துவிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் உட்காரவே இல்லை. இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தட்டு சரிஞ்சதும் கண்ணால. வண்டி சரிஞ்சதும் கண்ணால. ரெண்டும் அக்கா தங்கச்சி, ஒரு வயித்துல பொறந்தது. மூத்தது முன்னாடி வந்துச்சுங்கிறதுக்காக அதைச் சகுனம்னா எப்படி?" நான் அழுதுகொண்டே சிரித்தேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு மூச்சு முழுசாக வந்தது. "எப்படிக்கா ஒங்களால மட்டும் இப்படிக் கேக்க முடியுது?" என்றேன்.

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் வெளிய படிக்கப் போறதாலதான் அவங்க மவன் துபாய்லேருந்து போன் பண்றதில்லைன்னு எங்க மாமி ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்காங்க. அவரு பேச்சு நின்னதுக்கு அப்புறம்தான் நான் படிக்கவே வந்தேன். இதை அவங்ககிட்ட யாரும் கேக்கல."

நான் எழுந்து அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன். பெரம்பலூர் வரை இருவரும் நின்றுகொண்டே வந்தோம்.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு பேச்சும் இல்லை. பையனின் அப்பாவுக்குக் கண்ணில் புரை, ஆபரேஷன் செய்திருக்கிறார்கள் என்று மட்டும் தெரிய வந்தது. பையன் கூப்பிடவில்லை. இடையில் தேர்வு முடிவு வந்தது. நான் தேறிவிட்டேன். அக்கா தேறவில்லை, அதே பகுதி, அதே கதை. நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றபோது, "ஏன் மொகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிற? நீ பாஸானதால நான் ஃபெயிலாவல" என்று முதுகில் ஒரு அடி வைத்தார்.

நான் தேறிய செய்தி ஊரில் பரவிய அதே வாரம், மாப்பிள்ளை வீட்டார் பழத்தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அத்தையே வந்தாள். "அந்தப் பொண்ணு வந்து சொன்னதாலதான் எங்க கண்ணு தொறந்துச்சு" என்று அம்மா கையைப் பிடித்துக்கொண்டாளாம். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. நான் ஓட்டமாக ஓடி அக்காவிடம் சொன்னேன். "ஒங்களாலதான்க்கா!"

அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கால் ஆடியது. விரல் எழும்பியது.

"நான் பேசுனதுக்கு அப்புறம்தான் வந்தாங்க. ஆனா உன் ரிசல்ட்டுக்கும் அப்புறம்தான் வந்தாங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஒங்களுக்கு எதையும் நிம்மதியா விடத் தெரியாதா? நல்லது நடந்தாலும் நோண்டணுமா?" என்று கத்திவிட்டேன். கீழே டீக்கடை வரை கேட்டிருக்கும்.

"என்கிட்ட ஏன் கத்துற? அந்தத் தம்பிகிட்ட கேளு. போன் உன் கையிலதான இருக்கு" என்றார்.

கேட்டிருக்க வேண்டாம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். ஆனால் கேள்வி ஒரு தடவை காதில் விழுந்துவிட்டால் என்ன செய்வது? அங்கேயே நின்று கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான். "ரிசல்ட் வரலைன்னா நீங்க வந்திருப்பீங்களா?" என்றேன்.

அவன் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, அதற்கு இன்றைக்கும் அவன்மேல் மரியாதை இருக்கிறது. அவன் சொன்னது இதுதான். "அத்தையைச் சமாளிக்கறது கஷ்டமாயிருந்திருக்கும்ங்க. இப்ப அந்தப் பிரச்சனை இல்லல்ல?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நிச்சயப் புடவையை அப்பாதான் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார். லாரிப் புழுதி விஷயத்தில் அக்காவோடு பேசாமல் இருந்த அப்பா. போகும்போது, "அந்தப் புள்ள கேட்டது சரியான கேள்விதான்" என்று மட்டும் சொன்னார். அம்மா ஒரு மாசம் என்னோடு பேசவில்லை. ஊர் பேசியது. ராசியில்லாதவள் என்று சொல்ல வாயெடுத்தவர்களெல்லாம் கூடிக் கூடிப் பேசி வேறு ஒரு பேரைக் கண்டுபிடித்தார்கள்.

அதை நான் போய் அக்காவிடம் சொன்னேன். அதுதான் அவர் கோச்சிங் சென்டருக்கு வந்த கடைசி நாள். அடுத்த வாரம் திருச்சியில் ஏதோ ஒரு ஆபீஸில் வேலைக்குச் சேரப்போவதாகச் சொன்னார். அப்புறம் நம்பரும் மாறிவிட்டது, இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன். அதே பெஞ்ச். அதே கால் ஆட்டம்.

"ஊர்ல என்ன சொல்றாங்க தெரியுமாக்கா? பேங்க் வேலை கெடைச்ச திமிருலதான் மாப்பிள்ளையை வேணாம்னுட்டாளாம். திமிரு புடிச்சவளாம்."

சொல்லிவிட்டு அவர் விரலைப் பார்த்தேன். எழும்பும், இதிலும் ஆறு ஓட்டையாவது கண்டுபிடிப்பார், மனசு ஆறும் என்று காத்திருந்தேன். விரல் பெஞ்சிலேயே இருந்தது. கால் நின்றிருந்தது. அந்தப் பெஞ்ச் ஆடாமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"உன் ராசி நீ செஞ்சதில்ல. இந்தத் திமிரு நீயே செஞ்சது" என்றார் அக்கா. "இதை வீக்கன் பண்ண வேணாம். இருக்கட்டும், வச்சுக்க."